ஓடுபாதை இல்லாத இடத்தில் விமானம் இறக்கும் முன் தரையைச் சோதிப்பது எப்படி?

ஆற்று மணல்திட்டு, மேய்ச்சல் நிலம், கடற்கரை, அறுவடை முடிந்த வயல் என்று விமான நிலையத்துக்கு வெளியே சிறு விமானத்தை இறக்கப் பழகுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறைந்த தூரத்தில் இறக்குவது, மெதுவாக வருவது போன்ற உத்திகளைச் சொல்லித்தர ஆட்கள் கிடைக்கிறார்கள். தரையை எப்படிப் பார்ப்பது என்று வரிசையாகச் சொல்லத்தான் எனக்கு யாரும் கிடைக்கவில்லை. ஒருவர் கம்பியைப் பற்றி மட்டும் சொல்வார், இன்னொருவர் ஈரத்தைப் பற்றி மட்டும். அவற்றைப் பொறுக்கிச் சேர்த்து ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவர ரொம்ப நாள் பிடித்தது.

இது சக்கரம் வைத்த ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு, அதுவும் முன்கூட்டியே திட்டமிட்டு இறங்குவதற்கு. எஞ்சின் நின்றுபோய் அவசரமாக இறங்குவது வேறு கதை. பனியும் நீர்ப்பரப்பும் தனிப் பாடங்கள். இந்த வகைப் பறத்தலில் அனுபவமுள்ள பயிற்றுநரோடு சில மணி நேரமாவது பறந்துவிட்டு இதைக் கையில் எடுங்கள்.

1. முதலில் காகிதங்கள்

காப்பீட்டில் இருந்து தொடங்குங்கள், ஏனென்றால் அதிகம் தாமதமாவது அதுதான். பாலிசியின் விதிவிலக்குப் பகுதியைப் படித்துப் பாருங்கள். பதிவு செய்யப்பட்ட விமான நிலையங்களில் மட்டுமே செல்லும் என்று ஒரு வரி எங்காவது ஒளிந்திருக்கலாம். தொலைபேசியில் கேட்டால் "பிரச்சினை இருக்காது சார்" என்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். எழுத்தில் கேட்டபோது, கூடுதல் பிரீமியம் கட்டித் தனி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று பதில் வந்தது, அதுவும் பல வாரம் கழித்து. ஆகவே எழுத்தில் கேளுங்கள். இறங்க நினைக்கும் இடத்தின் தன்மை, உங்கள் பறத்தல் மணிநேரம், விமானத்தின் டயர் வகை எல்லாவற்றையும் அந்தக் கடிதத்திலேயே எழுதிவிட்டால் இரண்டாவது சுற்றுக் கடிதப் போக்குவரத்து மிச்சம்.

வாடகை விமானமாக இருந்தால் வாடகை ஒப்பந்தத்தையும் பாருங்கள். பெரும்பாலும் தடைதான் இருக்கும்.

அடுத்தது நில உரிமையாளரின் அனுமதி. தேதி, இடம், எத்தனை முறை என்று எழுதி ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியே அவரிடம் மூன்று கேள்விகள்: மழை பெய்தால் எங்கே தண்ணீர் நிற்கும்? சமீபத்தில் ஏதாவது தோண்டினீர்களா, புதைத்தீர்களா? கால்நடையை எப்போது திறந்துவிடுவீர்கள்? எந்த வரைபடத்திலும் கிடைக்காத தகவல் இந்தப் பத்து நிமிடத்தில் கிடைக்கும். ஆற்றங்கரை, கடற்கரை, காடு போன்றவை பெரும்பாலும் பொதுநிலம். அங்கே யாரிடம் அனுமதி வாங்குவது, தேவையே இல்லையா, காட்டுயிர்ப் பாதுகாப்புப் பகுதியா என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதியைப் படியுங்கள். தாழப் பறப்பதற்கான விதியும் அதில்தான் இருக்கும். மக்கள் நெருக்கம் இல்லாத இடங்களில் 500 அடிக்குக் கீழே பொதுவாக இறங்கக் கூடாது என்பது பல நாடுகளில் உள்ள விதி. தரையிறங்குவதற்குத் தரும் விதிவிலக்கு வெறுமனே பார்த்துவிட்டுப் போகும் தாழ்வான சுற்றுக்கும் பொருந்துமா என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, எரிபொருளையும் பயிற்சிக் கட்டணத்தையும் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். விடுபடுவது விமானத்தை மீட்கும் செலவு. ஓடும் எஞ்சினோடு ப்ரொப்பெல்லர் தரையில் பட்டால், ப்ரொப்பெல்லரை மாற்றுவதோடு போகாது. எஞ்சினைக் கழற்றிப் பிரித்துச் சோதிக்க வேண்டும். சாலை இல்லாத இடத்தில் இருந்து விமானத்தைத் தூக்கி வருவதற்கு ஹெலிகாப்டர் வேண்டியிருக்கலாம். இந்த இரண்டும் காப்பீட்டில் அடங்குமா என்று அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

2. மேசையில் செய்ய வேண்டியது

செயற்கைக்கோள் படத்தைத் திறந்ததும் முதலில் அது எடுக்கப்பட்ட தேதியைப் பாருங்கள். மூன்று வருடப் பழைய படத்தில் அழகாக இருக்கும் மணல்திட்டு இன்று ஆற்றுக்கு நடுவே கிடக்கலாம். கூகுள் எர்த்தில் பழைய படங்களையும் பார்க்கும் வசதி உண்டு. ஒரே இடத்தை வெவ்வேறு பருவங்களில் பார்த்தால் எந்தப் பகுதி ஈரமாகிறது, வாய்க்கால் எங்கே ஓடுகிறது என்று பிடிபடும். அதில் உயர வேறுபாட்டைக் கோடாகக் காட்டும் வசதியும் இருக்கிறது. பெரிய சரிவைக் கண்டுபிடிக்க அது போதும், சின்ன மேடுபள்ளத்துக்கு நம்ப வேண்டாம்.

மின்கம்பி படத்தில் தெரியாது. ஆனால் கோபுரத்தின் நிழல் தெரியும். காட்டுக்குள் நேர்கோடாக மரம் வெட்டிய பாதை தெரியும். அவற்றை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள்.

விமான வரைபடத்தைப் பார்த்துவிட்டு "தடை ஒன்றும் இல்லை" என்று நினைப்பதுதான் புதியவர்கள் அதிகம் விழும் குழி. அமெரிக்க வரைபடங்களில் பொதுவாக 200 அடிக்கு மேற்பட்ட தடைகளைத்தான் குறிக்கிறார்கள், பிரிட்டனில் 300 அடி. நீங்கள் பறக்கப்போவதோ 50 அடியில். காற்றின் வேகத்தை அளக்க நடும் மெல்லிய கோபுரங்கள் 200 அடிக்குச் சற்றுக் குறைவாகவே கட்டப்படுவதுண்டு. சாம்பல் நிறத்தில், சுற்றிலும் இழுகம்பிகளோடு, ஓரிரு நாளில் முளைத்துவிடும். போன வாரம் இல்லாதது இந்த வாரம் இருக்கும்.

3. கணக்கு: இறங்கினால் ஏற முடியுமா?

பெரும்பாலான சிறு விமானங்களுக்கு இறங்கத் தேவைப்படும் தூரத்தைவிட மேலே ஏறத் தேவைப்படும் தூரம் அதிகம். அதனால் முதலில் டேக்-ஆஃப் கணக்கைப் போடுங்கள். விமானக் கையேட்டில் உள்ள எண்கள் புது விமானம், தேர்ந்த விமானி, கெட்டியான தளம் ஆகியவற்றை வைத்து எடுக்கப்பட்டவை. அவற்றின் மேல் என்ன சேர்ப்பது என்பதற்கு பிரிட்டிஷ் விமானப் போக்குவரத்து ஆணையம் பாதுகாப்புக் குறிப்பேடு ஒன்றில் தந்த பெருக்கல் எண்கள் எனக்குப் பிடித்தவை, மனப்பாடம் செய்ய எளியவை. 50 அடி உயரம் எட்டுவதற்கான தூரத்துக்கு அவை இப்படி: எடை 10% கூடினால் 1.2. இடத்தின் உயரம் 1000 அடி கூடினால் 1.1. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் 1.1. உலர்ந்த புல் 1.2, ஈரப் புல் 1.3. 2% ஏற்றம் 1.1. மென்தரை என்றால் 1.25, அல்லது அதற்கும் மேல். எல்லாம் சேர்ந்து வந்தால் ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். கடைசியாகப் பாதுகாப்புக்கு 1.33.

கையேடு 400 மீட்டர் என்கிறது, புல் ஈரம், 2% ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். 400 × 1.3 × 1.1 × 1.33, ஏறத்தாழ 760 மீட்டர். 400 எங்கே, 760 எங்கே! இந்த எண்ணைப் பெரிய எழுத்தில், பறக்கும்போது முழங்காலில் கட்டிக்கொள்ளும் குறிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். மேலே போன பிறகு மனம் "அட, இது போதும்" என்று சொல்ல ஆரம்பிக்கும்.

எரிபொருளில் சுற்றிப் பார்ப்பதற்கென்று 20 நிமிடமாவது தனியாக ஒதுக்குங்கள். கட்டாய இருப்பிலிருந்து அதை எடுக்கக் கூடாது. டாங்கில் அளவு குறைந்திருந்தால் கண் அவசரப்படும்.

4. முடிந்தால் கால்நடையாக ஒருமுறை

சாலை வழியாகப் போக முடிகிற இடம் என்றால் போய்விடுங்கள். மேலே இருந்து பார்க்கும் ஒரு மணி நேரத்தை விட, நடந்து பார்க்கும் அரை மணி நேரம் மேல். உங்கள் காலடி ஒரு மீட்டர் என்று நினைத்து எண்ணாதீர்கள். தெரிந்த தூரத்தில் நடந்து எத்தனை காலடி வருகிறது என்று முதலில் பாருங்கள். ஒரு தடவை நடுவாக, இரண்டு தடவை சக்கரங்கள் ஓடும் கோடுகளில் நடக்க வேண்டும். குதிகாலை ஊன்றி அழுத்துங்கள், குழி விழுந்து தண்ணீர் கசிந்தால் வேறு இடம் பாருங்கள். புல்லுக்குள் ஒளிந்த கல், எலி வளை, பாசனக் குழாய், பழைய வேலிக் கம்பி, அறுத்த மரத்தின் அடிக்கட்டை ஆகியவை எல்லாம் இப்போதுதான் அகப்படும். இரண்டு முனைகளிலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விமானம் வரப்போகும் திசையைக் கண்மட்டத்தில் பாருங்கள். கம்பிகள் வானத்தின் பின்னணியில் அப்போது தெளிவாகத் தெரியும்.

5. முதல் சுற்று, 500 முதல் 1000 அடி உயரத்தில்: கம்பி எங்கே, காற்று எப்படி?

ஒரு சுற்றுக்கு ஒரு வேலை என்று வைத்துக்கொண்டால் எதுவும் தப்பாது. எல்லாவற்றையும் ஒரே சுற்றில் பார்க்கப் போனால் கண் எதிலும் நிற்காது.

கம்பியைத் தேடாதீர்கள், கம்பத்தைத் தேடுங்கள். பழைய கம்பி மங்கி, பின்னால் உள்ள நிலத்தோடு கலந்துவிடும். எதிர்வெயிலில் மறைந்தே போகும். கம்பம் அப்படி மறையாது. ஒரு கம்பம் கண்ணில் பட்டால் அடுத்தது எங்கே என்று தேடுங்கள், அது கிடைக்கும்வரை இறங்க வேண்டாம். கம்பத்தின் மேல் உள்ள குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். கம்பி அதற்குக் குறுக்காகத்தான் ஓடும். ஒரு பக்கம் மட்டும் ஸ்டே கம்பி கட்டிய கம்பம் என்றால் அங்கே லைன் முடிகிறது அல்லது திரும்புகிறது. தனி வீடு, பம்ப் கொட்டகை, செல்போன் கோபுரம் தெரிந்தால் அதற்கு மின்சாரம் எந்த வழியாக வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் கிடைக்கவில்லை என்றால் நீங்கள் இன்னும் கம்பியைப் பார்க்கவில்லை. சாலையோரமாக லைன் ஓடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுத் திட்டுகளில் தனி ஆபத்து ஒன்று உண்டு. இரு கரைகளும் உயரமாக இருந்தால் கம்பங்கள் மரத்துக்குள் மறைந்து, கம்பி மட்டும் ஆற்றுக்குக் குறுக்கே தொங்கும்.

உயரழுத்தக் கோபுரங்களில் தடித்த கம்பிகளுக்கு மேலே, உச்சியில், மின்னலுக்காக மெல்லிய கம்பி ஒன்று போகும். தடித்ததைப் பார்த்துவிட்டு அதற்குச் சற்று மேலே ஏறிக் கடக்கிறவர் இதில் மாட்டுகிறார். கடக்க வேண்டியிருந்தால் கோபுரத்தின் தலைக்கு மேலாகக் கடந்துவிடுங்கள். கோபுரத்தின் உயரம் கண்ணுக்குத் தெரியும், எல்லாக் கம்பிகளும் அதற்குக் கீழேதான்.

காற்றுக்குப் புகை, தூசி, மர இலை. குளமோ ஏரியோ இருந்தால் நீர் அலையில்லாமல் இருக்கும் கரைப் பக்கத்தில் இருந்துதான் காற்று வருகிறது. மர வரிசைக்கு அப்பால் காற்று சுழன்று கீழே அழுத்தும், அந்த ஓரத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், இறங்காமல் மேலே போக நேர்ந்தால் எந்தப் பக்கம் திரும்புவது, எந்த இடத்தைத் தாண்டினால் திரும்ப முடியாது என்ற இரண்டையும் இந்தச் சுற்றிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. கீழே ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே அதைச் சுற்றி வட்டமிடாதீர்கள். அலாஸ்காவில் மூஸ் மானைப் பார்க்க இப்படிச் சுற்றிச் சுற்றி விழுந்தவர்கள் அதிகம் என்பதால், இந்த ஸ்டாலுக்கு (இறக்கை தூக்கும் விசையை இழந்து விமானம் விழுவது) அந்த மானின் பெயரையே வைத்துவிட்டார்கள். உயரம் குறையாமல் 45 டிகிரி சாய்ந்து திரும்பினால் ஸ்டால் வேகம் 19% கூடும், 60 டிகிரியில் 41%. நீள்சதுரமாகப் பறந்து, நேராகப் போகும்போது மட்டும் கீழே பாருங்கள். இன்னொருவர் உடன் இருந்தால் ஒருவர் ஓட்டட்டும், ஒருவர் பார்க்கட்டும்.

6. இரண்டாவது சுற்று: நீளமும் சரிவும்

நீளத்தைக் கண்ணால் மதிக்க முடியாது, கடிகாரத்தால் அளங்கள். இறங்கும் இடத்துக்கு இணையாகப் பறந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எத்தனை விநாடி என்று பாருங்கள். ஜி.பி.எஸ். காட்டும் தரை வேகத்தைத்தான் எடுக்க வேண்டும், விமானத்தின் வேகமானியை அல்ல. அந்த வேகத்தின் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கைப் பாதியாக்கினால் ஒரு விநாடிக்கு எத்தனை மீட்டர் என்று வந்துவிடும். 60 நாட் என்றால் விநாடிக்கு 30 மீட்டர், 10 விநாடி ஆனால் 300 மீட்டர். உண்மையான நீளம் இதைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும், ஆகவே இந்தப் பிழை உங்களுக்குச் சாதகமானதுதான். எதிர்த்திசையிலும் ஒருமுறை அளங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் மூன்றாவது முறை.

சரிவு மேலிருந்து பார்த்தால் தெரியாது, தட்டையாகிவிடும். பக்கவாட்டில், தள்ளி, தாழ வந்து பார்த்தால்தான் தெரியும். 300 மீட்டரில் 6 மீட்டர் ஏறினாலே 2%. பொதுவாக விமானத்தை மேட்டை நோக்கி இறக்கி, பள்ளத்தை நோக்கி ஓட்டிக் கிளப்புவார்கள். காற்று பலமாக எதிராக இருந்தால் இது மாறும். மேட்டை நோக்கிய இடமும் குறுகலான இடமும் நீங்கள் உயரமாக வருவதுபோன்ற மாயத்தைத் தரும். அதை நம்பி இறக்கினால் மரத்தின் உச்சிக்கு வந்துவிடுவீர்கள். இப்படிப்பட்ட இடங்களில் இரண்டு மாயமும் சேர்ந்தே வரும்.

7. தாழ்வான சுற்று: தரையின் நிறமும் நிழலும்

கம்பிக் கணக்கு முடியாமல் இந்தச் சுற்றுக்கு வரக் கூடாது. உங்கள் இருக்கைப் பக்கத்தில் தரை தெரியும்படி சற்று விலகி, தடைகளுக்கு மேலான உயரத்தில், வேகத்தைக் குறைத்துவிடாமல் பறங்கள்.

பார்க்கும் நேரம் முக்கியம். காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் சின்ன மேட்டுக்கும் நீண்ட நிழல் போடும். உச்சி வெயிலிலும் மேகமூட்டத்திலும் அதே நிலம் மேசைபோலத் தெரியும். அதேசமயம் சாய்ந்த வெயில் முகத்தில் அடிக்கும் திசையில் இறங்க வேண்டியிருந்தால், கொஞ்சம் காத்திருங்கள்.

புல்லில் ஒரு பகுதி மட்டும் கரும்பச்சையாக, செழிப்பாக இருந்தால் ஈரம். கோரை முளைத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். இரண்டு வயல்களின் நிறம் மாறும் கோட்டில் வேலியோ வாய்க்காலோ வரப்போ இருக்கும். மேயும் மாடுகள் ஒரு கோட்டைத் தாண்டாமல் நிற்கின்றனவா? அங்கே வேலி. உழுத வயலில் சால் ஓடும் திசையில்தான் இறங்க வேண்டும், குறுக்கே கூடாது. வெடித்துக் காய்ந்த சேற்றுத் தரை ஏமாற்றும், மேலே ஓடு, கீழே களி.

கடற்கரையில் வெளிறிய உலர்மணல் சக்கரத்தை விழுங்கும். அலை வந்து போன, நிறம் அடர்ந்த ஈரமணல் கெட்டியாக இருக்கும். ஆனால் அதன் அகலம் குறைவு, கடலை நோக்கிச் சாய்ந்திருக்கும், கடல் ஏற்றம் வந்தால் காணாமல் போகும். கடல் ஏற்ற இறக்க அட்டவணை இல்லாமல் கடற்கரைக்குப் போகாதீர்கள். ஆற்றுத் திட்டில் நீர் வரும் முனையில் பெரிய கற்கள், நீர் போகும் முனையில் சின்னக் கற்கள் என்பது பொதுவான அமைப்பு. பாதி புதைந்த மரக்கட்டைகளை நிழலை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். பெரிய டயர் போட்டிருந்தால் கல்லை மன்னிக்கும், பள்ளத்தை மன்னிக்காது.

ஆட்கள், நாய், கால்நடை தெரிந்தால் ஒரு சுற்று அதிகமாகப் போங்கள். சிறுவர்கள் விமானத்தைப் பார்த்ததும் ஓடி வருவார்கள், ஓடும் ப்ரொப்பெல்லர் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது.

8. சக்கரத்தால் தொட்டுப் பார்ப்பது

அனுபவசாலிகள் எடையை இறக்கையிலேயே வைத்துக்கொண்டு, எஞ்சின் சக்தியைக் குறைக்காமல், சக்கரத்தை மட்டும் தரையில் ஓடவிட்டு மேலே போய்விடுவார்கள். திரும்பி வந்து அந்தத் தடத்தைப் பார்ப்பார்கள். தடம் கறுத்து ஆழமாக இருந்தாலோ தண்ணீர் நிரம்பியிருந்தாலோ அந்த இடம் ஆகாது. தொட்டவுடனே விமானம் இழுபட்டால் யோசிக்காமல் முழு சக்தி கொடுத்து ஏறிவிட வேண்டும். நீளமான, முன்னால் தடையில்லாத இடத்தில் மட்டுமே இது செல்லும். பயிற்றுநர் பக்கத்தில் இல்லாமல் முதல் தடவை இதைச் செய்யாதீர்கள்.

9. இறங்கிய பின்

தரை மென்மையாக இருந்தால் பிரேக் பிடிக்காதீர்கள். கெட்டியான இடம் வரும்வரை நிற்காமல் உருட்டிச் செல்லுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு நீங்கள் இறங்கிய தடத்திலேயே திரும்பி நடங்கள். ஏறப்போகும் பாதை முழுவதையும் நடந்து, கல்லை அகற்றி, நீளத்தைக் காலடியால் மறுபடி அளங்கள். பாதித் தூரத்தில் ஒரு துணியைக் கட்டி வையுங்கள். அந்தத் துணியைக் கடக்கும்போது எழும்பும் வேகத்தில் 70% வந்திருக்க வேண்டும், வராவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுவது. போகப்போக மென்மையாகும் தரையில் 70% வந்தும் போதாமல் போகலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

புறப்படும் நேரத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். காலையில் உறைந்து கெட்டியாக இருந்த தரை மதியம் இளகிச் சேறாகும். வெயில் ஏறினால் காற்றின் அடர்த்தி குறைந்து ஓட்டம் நீளும். இரவு தங்குவதானால் மாடுகளைத் தள்ளி வையுங்கள். துணி போர்த்திய இறக்கையை நக்கவும் உரசவும் அவற்றுக்கு ரொம்ப ஆசை.

எந்த இடத்தில் இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் தேடத் தொடங்க வேண்டும் என்று ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பியிருக்க வேண்டும். விமானத்தில் உள்ள அவசர ஒலிபரப்பி (விபத்து நடந்தால் தேடுவோருக்குச் சமிக்ஞை அனுப்பும் கருவி) 406 மெகாஹெர்ட்ஸ் வகையா, உங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். 121.5 மெகாஹெர்ட்ஸ் சமிக்ஞையைச் செயற்கைக்கோள்கள் கேட்பது 2009 பிப்ரவரி 1-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. பழைய விமானங்களில் அந்தக் கருவிதான் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும்.

நடந்து அளந்த பிறகு கணக்கு உதைக்கிறது என்றால், எடையில் கை வையுங்கள். 10% எடை தூரத்தில் ஏறத்தாழ 20% என்று மேலே பார்த்தோம். பயணியையும் சாமான்களையும் விட்டுவிட்டுத் தனியாக ஏறுங்கள். பக்கத்தில் உள்ள நல்ல ஓடுபாதைக்கு இரண்டு நடையாகக் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கான எரிபொருளும் காலையில் போட்ட கணக்கிலேயே இருக்க வேண்டும்.